ஜெப்சனுக்காக ஒரு ஜெபக்குறிப்பு

பக்கத்து வீட்டு ஜெப்சன் கம்ப்யூட்டரில் ஓட்டிய விமானம் அன்றைக்கும் கடலில் விழுந்தது. ஜன்னல் வழியே பார்த்த நேசபாய்க்குப் பொறுக்கவில்லை.

"இண்ணைக்கு எத்தனை தடவை மக்கா விழுந்தா?"

"நாலு, மாமி. எஞ்சினை நானே நிறுத்திட்டு எறக்கிப் பாக்கியேன். எல்லாம் அசல் பிளேன் மாதிரியேதான். இங்க விழுந்து படிச்சாத்தான் அங்க விழாம இருக்கலாம்."

"எங்க? முப்பது வயசாச்சு, இன்னும் வெளையாட்டு!"

அந்த வாரமே ஜெபக்கூட்டத்தில், அவனுக்கு ஒரு நல்ல வேலை கிடைக்க ஜெபக்குறிப்பு வைத்தாள். பெண்கள் முழங்காலிட்டுக் கண்ணீரோடு மன்றாடினார்கள். ஆறே மாதத்தில் ஜெப்சன் வேலை கிடைத்து டெல்லிக்குப் போனான். ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டார் என்று நேசபாய் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சியும் சொன்னாள்.

மறுவருஷம், மஸ்கட்டில் இருக்கும் மகளைப் பார்க்கத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி உட்கார்ந்தாள். வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டையுமாக ஜெப்சன் அவளிடம் ஓடிவந்தான்.

"மாமி! பைலட் லைசன்ஸ் எடுத்து வச்சிட்டு வேலையில்லாம இருந்தேன்லா, நீங்க ஜெபிச்சுக் கிடைச்ச வேலை இதுதான். இண்ணைக்குத்தான் நான் ஓட்டப் போற முதல் பிளைட்டு!"

நேசபாய் கண்ணை இறுக மூடினாள்.

"ஆண்டவரே, நான் கேட்ட அந்த வேலையை இந்த ஒருநாள் மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளும்!"