சூசையப்பரின் கடுக்கன்

"அந்த சூசையப்பர இப்டி குடும்மா."

பிரிசில்லா கிறிஸ்மஸ் குடில் பொம்மையை எடுத்து மாமியாரிடம் கொடுத்தாள். அவள் டீச்சராக இருக்கும் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு, வீட்டில் வெள்ளையடிப்பு. மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை.

சிதம்பரத்தில் மகள் வீட்டில் இருந்த மாமியார் சௌந்தரம், குடில் வைப்பதற்கென்றே மதியம் கடலூர் வந்திருந்தாள்.

வாசலில் சீரியல் செட் விளக்கு கட்டிக்கொண்டே பிரிசில்லாவின் கணவன் அன்புமணி பக்கத்து வீட்டுக் கதிர்வேலிடம் அளந்துகொண்டிருந்தான். "குடிலுப் பொம்மைங்க எங்க தாத்தா பாண்டிச்சேரியில பிரெஞ்சுக்காரன்கிட்ட வாங்குனது மச்சான். எம்பது வருஷமாவுது."

அவன் சொன்ன பொம்மைகள் போன மாதமே போய்ச் சேர்ந்துவிட்டன. பரணிலிருந்து இறக்கிய பெட்டியை பிரிசில்லா பின்வாசலில் மறந்து வைத்துவிட, இரண்டு நாள் மழையில் ராஜாக்களும் ஆடுமாடுகளும் ஒரே கூழாகிவிட்டார்கள். வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்பவரிடம் சத்தமில்லாமல் புது செட் வாங்கி, டீத்தண்ணி பூசிப் பழசாக்கி வைத்திருந்தாள். மாமியார் கண்டுபிடித்துவிட்டால், பரம்பரைச் சொத்தைத் தொலைத்தவள் என்ற பேர் சாகும்வரை போகாது.

சௌந்தரம் பொம்மையைக் கண்ணருகே கொண்டுபோய், கட்டைவிரலால் காதைத் தடவினாள்.

"கடுக்கன் எங்க?"

தசரதர் அச்சில் போட்ட சூசையப்பர் கடுக்கனோடு வந்து நின்றதால், நேற்றுதான் பிரிசில்லா அதை பிளேடால் சுரண்டி எடுத்திருந்தாள்.

"சூசையப்பருக்கு ஏது அத்த கடுக்கன்?"

"எட்டு கிறிஸ்மஸா தொடச்சி வைக்கிற. ஒரு தடவ கூட அவரு காதப் பாத்ததில்லியா?"

இன்னொரு பொய்யைத் தேட அவளுக்குத் தெம்பில்லை. மாட்டிக்கொண்டால் இன்றாவது தூங்கலாம் என்றுகூடத் தோன்றியது.

"அத்த, அது வந்து..."

"வண்டிப்பாளையந்தானே?" சௌந்தரம் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கொலு அச்சுல போட்டா கடுக்கனோடதான் வரும். பிரெஞ்சுக்காரன் பொம்மைய நான் கல்யாணமாகி வந்த வருஷமே கீழ போட்டு ஒடச்சிட்டு, அங்கதான் போயி வாங்கியாந்தேன். ஒங்க மாமாகிட்ட அவரு போற வரைக்கும் நான் மூச்சு விடல. நீயும் அன்புமணிகிட்ட சொல்லிடாத, என்ன?"