பேருக்குப் பின்னால நோபல்

"செல்லக்கண்ணுவுக்கு அப்பா பேரு?"

"வெள்ளைச்சாமிங்க."

"அம்சவள்ளிக்கு?"

"சாமிக்கண்ணுங்க."

"செங்கமலத்துக்கு?"

"கொளஞ்சிங்க."

தலைமை ஆசிரியர் அய்யம்பெருமாள் பேனாவை மூடினார். "யோவ், மூணும் ஒரே வூட்டுப் புள்ளைங்கன்னுதானே சொன்ன?"

"ஆமாங்க சார். எங்க வூட்டுப் புள்ளைங்கதான்."

எதிரே நின்றவன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கிற ஆள். அரியலூருக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகிறது. வெடிக்காரன் என்றால்தான் தெரியும். பேர் யாரும் கேட்டதில்லை. ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க மூன்று வாண்டுகளைக் கூட்டி வந்திருந்தான். மூன்றும் கையைத் தலைக்கு மேல் சுற்றி எதிர்க் காதைத் தொட்டுக் காட்டி, அஞ்சு வயசாச்சு என்று நிரூபித்துவிட்டு, பள்ளிக்கூட மணியைப் பார்க்க ஓடிவிட்டன.

ஒரு வீடு, மூணு அப்பன். சீ, என்ன கண்றாவிக் குடும்பமோ என்று முகத்தைச் சுளித்தார் அய்யம்பெருமாள்.

"அப்பா பேரைக் கட்டத்துல எழுதிக்குங்க சார். இனிஷியல் மட்டும் வேணாம். மூணு பேருக்கும் பின்னால நோபல்னு போட்டுடுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நோபல்னா பரிசுய்யா. உலகத்துலயே பெரிய பரிசு. ஒண்ணாப்புல சேர வந்ததுக்கே பரிசா?"

"பரிசெல்லாம் அப்புறம் வந்ததுங்க. முதல்ல அது ஒரு குடும்பத்துப் பேரு. டைனமைட் கண்டுபிடிச்சவரு பேரு ஆல்பிரட்டு. நோபல்ங்கறது வூட்டுக்கே பேரு. லைசென்சு வாங்க வெடிப் பரீச்சைக்குப் படிச்சப்ப எங்க இஞ்சினியர் சொன்னாருங்க."

"ஓஹோ. இன்னும் என்ன சொன்னாரு?"

"அவங்க முன்னோர் ஒருத்தர் சுவீடன்ல நொபெலோவ்னு ஒரு ஊர்க்காரராம். படிக்கப் போன எடத்துல ஊர்ப் பேரையே தன் பேருக்குப் பின்னால ஒட்டிக்கிட்டாராம். அதுலேர்ந்து அப்பன், அண்ணன், தம்பி எல்லாருக்கும் அதேதான். கேட்டதுமே ஒரே வூட்டு ஆளுங்கன்னு தெரிஞ்சிடுமாம்."

"அப்ப நீயும் உன் ஊர்ப் பேரை வெச்சுக்கயேன். பூலாம்பாடியோ, தா.பழூரோ."

"மூணு புள்ளைக்கும் ஊரு வேறங்க."

"சாதிப் பேரு?"

"அதுவும் வேறங்க."

அய்யம்பெருமாளுக்குப் பொறுமை போயிற்று. "என்னதான்யா சொல்ல வர்ற?"

அவன் வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"நாலு வருஷம் முன்னாடி, வேற ஒரு சுரங்கத்துல, பாறை சரிஞ்சு ரெண்டு ஜோடி போயிடுச்சுங்க. புருஷன் பொண்டாட்டி எல்லாருமே எங்கூட வேலை பார்த்தவங்க. மரத்தடித் தூளியில கிடந்த புள்ளைங்களைத் தூக்கியாந்தேன். எங்க புள்ளையோட சேத்து எம்பொண்டாட்டிதான் வளக்கறா. இனிஷியல் போட்டா, தெனம் ஆஜர் எடுக்கறப்ப வேற வேறன்னு தெரிஞ்சிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏதுங்க? எல்லாருக்கும் எம்பேரையே போட்டுட்டா, செத்தவனுங்க பேரு அத்தோட அழிஞ்சிடும். அதுக்கும் மனசு வரலைங்க."

அய்யம்பெருமாளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பேனாவைத் திறந்தார். செல்லக்கண்ணு நோபல், அம்சவள்ளி நோபல், செங்கமலம் நோபல் என்று நிறுத்தி நிதானமாக எழுதினார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்தார். அவரை அறியாமலே பேச்சில் மரியாதை வந்துவிட்டது.

வெடிக்காரர் பேனாவை வாங்கவில்லை. கட்டை விரலை மை டப்பாவில் அழுத்தினார்.

"வெடிப் பரீச்சை எழுதிப் பாஸ் பண்ணினவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதா?"

"நல்லாத் தெரியுங்க சார். ஆனா போட்டா எம்பேரு தெரிஞ்சிடும். வூட்டுலகூட எம்பேரை யாரும் சொல்றதில்லைங்க. நாளைப்பின்ன புள்ளைங்க இந்த ரிஜிஸ்டரைப் பாத்தாக்கூட, மூணுல எது நான் பெத்ததுன்னு தெரிய வேணாங்க."