ஐந்து மீட்டர் ஆழத்தில்

கடலை வென்றவர்களின் வரிசையில் அன்று முற்பகல் பதினொன்றே காலுக்கு ஒரு பெயர் சேர்ந்தது.

பெயருக்கு உரியவர் குந்தியிருந்தார். நிமிர்ந்தால் தலை இடிக்கும். இடது கால் மரத்துவிட்டது.

அவரே கட்டிய நீர்மூழ்கி. கண்ணாடியிழைப் பாய், பிசின், மறுபடி பாய், மறுபடி பிசின். ஆறு மாத உழைப்பு.

உழைத்தது மச்சினன் கஸ்பார். தூத்துக்குடியில் ஃபைபர் படகு கட்டுகிறவர்.

விழா பேனரில் அந்தப் பெயருக்கு இடம் போதவில்லை.

மூடியை இறுக்கி, வள்ளம் வைத்து இழுத்துப்போனார்கள். கயிற்றின் இழுப்பு நின்றதும் உள்ளேயிருந்து வால்வைத் திறந்தார். தொட்டியில் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. காலடியில் இருந்த சின்ன ஜன்னல் பச்சையானது. பிறகு கலங்கியது.

கணக்குப்படி ஐந்து மீட்டர். பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். தப்பாது.

டிக்.

மூச்சை நிறுத்திக் கேட்டார்.

டிக்.

தலைக்கு மேலேயிருந்து.

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் கஸ்பார் உள்ளே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டு, வெளியே சுற்றிச் சுற்றி வந்தார். படகு கட்டுகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். தேன் நிறத்தில் ஒளிர்ந்த சுவரில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பிசினுக்குள் மாட்டிக்கொண்ட காற்று.

“படகுன்னா பரவால்ல மச்சான், மெதந்துட்டுப் போயிரும். இத கடலு எல்லாப் பக்கமும் போட்டு அமுக்கும்லா. அந்த எடத்த உரிச்சிட்டு மறுபடி போட்ருவோம். பத்து நாள் தாங்க.”

விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

மச்சானே பிரஷ் எடுத்தார். கறுப்பு. இரண்டு கோட்.

புள்ளிகள் போய்விட்டன.

“பாய் ஒட்டுறவன் எனக்கு அழுத்தத்தப் பத்திப் பாடம் எடுக்காத” என்றும் சொல்லிவைத்தார். கஸ்பாரின் ஆட்கள் நான்கு பேர் கையில் பிசின் உருளையோடு நின்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு கஸ்பார் அவரிடம் பேசவில்லை. இன்று காலை வந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் பேசவில்லை.

ஒரு வார்த்தை. ஏறும்போது இவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாலை கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது. போட்டோக்காரர் வேறு இந்தப் பக்கம் பாருங்கள் என்றார்.

டிக். டிக்.

சுவரில் மூன்று தட்டு தட்டினால் இழுத்துவிடுவார்கள். அதுதான் ஏற்பாடு.

ஸ்பேனரை ஓங்கினார். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள் நினைவுக்கு வந்தார்கள். இறக்கினார்.

டடக்.

அதன் பிறகு எத்தனை தட்டு தட்டினார் என்று அவருக்கே கணக்கில்லை.

“கஸ்பாரு! நீ சொன்னதுதான் சரி! எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா! எல்லாம் உன் வேல, பேர மட்டும் நான் போட்டுக்கிட்டேன்! மன்னிச்சிரு! உங்கக்காவப் பாத்துக்கோ!”

அழுகையில் மூக்கு ஒழுகியது. கர்த்தரையும் கூப்பிட்டார். அதற்கு முன் அவரைக் கூப்பிட்டுப் பல வருடமாயிற்று.

மூடி திறந்தது.

வெயில் முகத்தில் அறைந்தது. நடுவில் கஸ்பாரின் தலை.

ஒன்பது நாளுக்குப் பிறகு கஸ்பார் பேசினார். மெதுவாக, வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

“கறுப்பு பெயிண்டுல்லா மச்சான். வெயில்ல சூடேறுனா அப்படித்தான் சத்தம் குடுக்கும்.”

அவர் தலையை வெளியே நீட்டினார். கரை இருபதடியில் இருந்தது. நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

நீர்மூழ்கி மணல் திட்டில் தட்டி நின்றிருந்தது. தள்ளிவிட வந்த கஸ்பார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

தண்ணீர் அவர் இடுப்புவரை இருந்தது.