கணப்புச் சட்டி

உறைபனி விழுந்த காலைகளில் அந்தப் பழைய டீசல் லாரி லேசில் எழும்பாது. இன்ஜினின் ஆயில் சேம்பருக்கு அடியில் கங்கு நிரப்பிய கணப்புச் சட்டி வைத்து, உள்ளே கெட்டிப்பட்ட ஆயில் இளகிவிட்டதா என்று சேம்பரைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் செல்ஃப் அடித்து வண்டியைக் கிளப்ப வேண்டும். அது பாக்கியத்தின் வேலை. புருஷன் சவரிநாதன் பழக்கிவிட்டது. போன மார்கழியில் ஒருநாள் அவள் அவசரப்பட்டு "சூடாயிருச்சு" என்று சொல்லிவிட, செல்ஃப் இழுத்து இழுத்தே பேட்டரி செத்தது. கேரட் லோடு போகவில்லை. மறுநாள் மலையேறி வந்து நின்ற லாரியின் சைலன்சரில் அவளுடைய வலது உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இதாண்டி சூடு, தெரிஞ்சுக்க" என்றான். புண் ஆறிவிட்டது. அந்தத் தோலுக்கு அதன்பிறகு சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை.

இன்று விடியலில் சவரிநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஊரில் வேறு வண்டி இல்லை. பக்கத்து வீட்டு ஜோகி அவனைத் தூக்கி லாரிக்குள் கிடத்திவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். பாக்கியம் சேம்பருக்கு அடியில் சட்டியை வைத்தாள்.

"அக்கா, அடிக்கட்டுமா?"

"இரு தம்பி. சூடேறாம அடிச்சா அவருக்குப் பிடிக்காது."

மேலே லாரிக்குள்ளிருந்து "பாக்கியம்" என்று சவரிநாதனின் முனகல் கேட்டது. சேம்பரில் படிந்திருந்த பனி உருகிச் சொட்டி, சொட்டுவதும் நின்று வெகுநேரமாகியிருந்தது. சட்டியில் கங்கு சாம்பல் பூத்துவிட்டது. பாக்கியம் குனிந்து, இடது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, வலது உள்ளங்கையைச் சேம்பரில் முழுசாகப் பதித்தாள்.

"இன்னும் சூடேறலப்பா" என்றாள்.