முன்னறை சோபா

"உங்க வீட்டு முன்னறை சோபாவுல ராத்திரி யாரு படுக்கறாங்க, மிஸ்டர் டிப்ஸ்?"

வீட்டுக்காரரின் வக்கீல் அப்படிக் கேட்டதும் நோராவின் பேனா நின்றுவிட்டது.

லோனி டிப்ஸ் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர். குளிரில் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் ஓடவில்லை என்று நகராட்சியில் புகார் கொடுத்தார். அதனால்தான் அவரைக் காலி செய்யச் சொல்லி இந்த வழக்கு. இதுவரை அது அவர் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

"உங்க தம்பி டெரல்தானே? ஜெயில்லேர்ந்து நேரா உங்க வீட்டுக்குத்தானே வந்தார்?"

வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத ஆளைத் தங்கவைத்தால் குடியிருப்பவரை வெளியேற்றலாம்.

லோனி அந்த வக்கீலைப் பார்க்கவில்லை. தனக்காக வாதாட வந்திருந்த நோராவைப் பார்த்தார். டெரல் விஷயத்தை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

அவளும் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள்.

நீதிபதி இடைவேளை விட்டார்.

வெளி நடையில் வாரன் ஸ்டாக்வெல் இரண்டு காபியோடு நின்றிருந்தார். நோரா வேலை செய்யும் சட்ட நிறுவனம் அவருடையது. நகரத்தின் பெரிய கம்பெனிகளெல்லாம் அவர் கட்சிக்காரர்கள். ஏழைகளின் வழக்கை இலவசமாக நடத்த அவளுக்குத் தனி அறை கொடுத்தவரும் அவர்தான். அந்த அறையில்தான் அவரை அவள் காதலிக்கத் தொடங்கினாள்.

"டெரல் விஷயம் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, வாரன்?"

அவர் மறைக்கவில்லை. அவள் கோட்டில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார்.

"கிளப்ல அந்த வீட்டுக்காரனைப் பார்த்தேன், சொன்னேன். இல்லேன்னா இந்தக் கேஸ் கிறிஸ்துமஸ் வரைக்கும் இழுக்கும், செல்லம். இப்ப இன்னிக்கே முடிஞ்சிடும். சனிக்கிழமை ஏரி வீட்டுக்குப் போலாம். எனக்குன்னு உனக்கு நேரமே இல்லையே. அந்த டிரைவருக்கு வேற வீடு நான் பார்த்துத் தரேன்."

வேறு ஏதாவது காரணம் இருக்கும் என்று அவள் காத்திருந்தாள். அந்தக் கட்டடத்தில் அவருக்குப் பங்கு இருந்திருந்தால்கூடப் புரிந்திருக்கும். எதுவும் இல்லை. பிறந்தநாள் பரிசு கொடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்பவர்போல அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய சென்ட் வாசனை அவள் கழுத்திலும் இருந்தது.

கழிவறைக்கு ஓடி, சோப்பைக் குழைத்துக் கழுத்தைத் தேய்த்துக் கழுவினாள். காலர் நனைந்ததுதான் மிச்சம். வாசனை போகவில்லை.

இடைவேளை முடிந்து எல்லாரும் உட்கார்ந்ததும் அவள் எழுந்தாள்.

"யுவர் ஹானர், என் கட்சிக்காரர் எங்கிட்ட நம்பிச் சொன்னதை நான் வெளியில சொல்லிட்டேன். எதிர்த்தரப்புக்கு அது அப்படித்தான் போச்சு. அந்தக் கேள்வியை நீக்கணும். நானும் இந்த வழக்குலேர்ந்து விலகிக்கறேன்."

கடைசி வரிசையில் வாரன் நிமிர்ந்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "யார்கிட்ட சொன்னீங்க?"

"எங்க முதலாளிகிட்ட. வாரன் ஸ்டாக்வெல்."

நீதிபதியின் முகம் இளகியது. "ஒரே ஆபீஸ் வக்கீல்கள் கேஸைப் பத்திப் பேசிக்கறது சகஜம்தானேம்மா? ஆலோசனை கேட்டிருப்பீங்க."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் வேலை தப்பிக்கும். பின்னால் வாரன் மெல்ல இருமினார்.

"ஆலோசனை இல்ல, யுவர் ஹானர். அவர் படுக்கையில வச்சு சொன்னேன். தம்பி எப்படிக் குறட்டை விடறார்னு லோனி எங்கிட்ட செஞ்சு காட்டினார். அதை வாரனுக்கு நடிச்சுக் காட்டினேன். அவர் சிரிக்கட்டும்னு."



நீதிபதி அந்தக் கேள்வியை நீக்கி, தான் அதைக் கேட்டுவிட்டதால் வழக்கை வேறு நீதிபதிக்கு மாற்றினார். லோனிக்கு அந்த வீடு அப்போதைக்குத் தப்பியது.

அவர் நன்றி சொல்லவில்லை. தன் நாற்காலியை அவளிடமிருந்து சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.