ஒரு சொட்டு மண்ணெண்ணெய்

"ரொம்ப நல்லா இருக்கும்மா. இது வேண்டாம்" என்று சொல்லி, முகர்ந்து பார்த்த காகிதப் பட்டையைப் பெரியவர் மேசைமேல் வைத்தார்.

வாசனைக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. சென்ட் கலந்து விற்கும் கடையை அவள் இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறாள். நன்றாக இல்லை என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான். அதுவும் இது இரண்டாவது தடவை.

"நீங்க சொன்னதெல்லாம் போட்டிருக்கேனே ஐயா. அச்சு மை வாடை, கிராம்பு, சவர சோப்பு..."

"மண்ணெண்ணெய் இல்லையேம்மா."

"மண்ணெண்ணெயா? அதைப் பூசிக்கிட்டுப் போனா பக்கத்துல ஒரு ஈ காக்கா நிக்குமா? அதுக்குப் பதிலா கொஞ்சம் சந்தனம் வெச்சேன். எவ்வளவு பாந்தமா இருக்கு பாருங்க!"

"பாந்தமா இருந்தா அவ நம்ப மாட்டாம்மா" என்றார் பெரியவர்.

அவருடைய மனைவிக்கு ஞாபகசக்தி போய் இரண்டு வருஷமாகிறது. பீரோவின் அடித்தட்டில் ஒரு பழைய சட்டை இருந்ததாம். அதை மடியில் வைத்துக்கொண்டால்தான் நாலு வாய் சாப்பிடுவாளாம். பார்த்துக்கொள்ள வந்த புண்ணியவதி ஒருத்தி, அழுக்குச் சட்டை என்று அதைச் சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து பட்டினி. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவர் கிட்டே போனால், "யாருய்யா நீ?" என்று கத்துகிறாள், தட்டைத் தட்டிவிடுகிறாள்.

"திங்கக்கிழமை வரைக்கும் பார்ப்பாங்களாம். அப்புறம் மூக்கு வழியா குழாய் போடணும்னு டாக்டர் சொல்லிட்டார். அவ அதைப் பிடுங்குவா, நர்சுங்க கையைக் கட்டிப் போடுவாங்க. அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லம்மா."

அன்று சனிக்கிழமை. வாசனைக்காரம்மாவின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"சரி, முதல்லேர்ந்து சொல்லுங்க. அச்சாபீஸ் வேலைதானே?"

"ஈய எழுத்துக் கோக்கிற வேலை. சாயங்காலம் எழுத்தையெல்லாம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவணும். அந்த வாடை துணியில ஏறினா போகவே போகாது. சிகரெட் வாடை தெரியக் கூடாதுன்னு வாயில எந்நேரமும் கிராம்பு. சவர சோப்பு காலர்கிட்ட மட்டும்தான் இருக்கும், லேசா."

அவளுக்கு வியப்பாக இருந்தது. தன் உடம்பு வாசனை தன் மூக்குக்கு எட்டாது என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. இந்த மனுஷர் என்னடா என்றால் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைக்கிறார்.

"என்னைவிட உங்களுக்குத்தான் கூர்மையான மூக்கு ஐயா" என்றாள்.

பெரியவர் அலமாரியில் இருந்த சீசாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சந்தனத்தைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் கலந்தாள். கடை ஷட்டரின் துருவுக்குப் போட வைத்திருந்த மண்ணெண்ணெயை எடுத்துவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு சொட்டு விட்டாள்.

புதுப் பட்டையில் தொட்டு முகர்ந்தாள். முதலில் மண்ணெண்ணெயும் மையும் மூக்கைத் துளைத்தன. கொஞ்சம் பொறுத்துக் கிராம்பு வந்தது, கடைசியாகச் சோப்பு. நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அழகான வாசனை என்று சொல்ல முடியாது. ஆனாலும் பட்டையைக் கீழே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றைக் கலந்ததில்லை என்று தோன்றியது.

பெரியவர் ஒரு தடவைதான் முகர்ந்தார். சட்டென்று பட்டையைத் தள்ளிப் பிடித்தார்.

"இதேதான்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கடை திறக்க வந்தபோது, அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னாச்சு ஐயா? குழாய் போட்டுட்டாங்களா?"

"இல்லம்மா. சாப்பிட்டுட்டா. என் தோள்ல சாஞ்சுக்கிட்டே தட்டைக் காலி பண்ணிட்டா. இன்னொரு சீசா வேணும்."

"அப்பாடா, வயித்துல பாலை வார்த்தீங்க!" அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஏதாவது பேசினாங்களா?"

"பேசினா. 'இத்தனை நாளா எங்க போயிட்டீங்க? யாரோ ஒரு கிழவன் தினம் வந்து, நான்தான் உன் புருஷன்னு கையைப் பிடிக்கறான். அவனை இனிமே உள்ள விடாதீங்க'ன்னு எங்கிட்டயே சொல்றா."

வாசனைக்காரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்களைப் பத்தி உங்ககிட்டயே கோள் சொல்லியிருக்காங்களா! நீங்க என்ன சொன்னீங்க?"

"விடமாட்டேன்னு சொன்னேன்."

அவர் கண்களில் நீர் வழிவதை அப்போதுதான் கவனித்தாள். பாவம், சந்தோஷம் தாங்காமல் அழுகிறார் என்று நினைத்தாள்.

"போகட்டும் விடுங்க ஐயா. நாப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷரை ஒருவழியா அடையாளம் தெரிஞ்சுக்கிட்டாங்களே, அது போதாதா?"

பெரியவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது அவளோட மொதல் புருஷன் வாசனைம்மா."