உப்பு வாங்காத வீடு

திரை முழுக்கச் சிவப்பு.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்போதும் சிவப்புதான்.

"மூணாவது இயல்தான் சார் இடிக்குது," என்றார் நூலகர் தங்கபுஷ்பம். "மத்ததெல்லாம் சுத்தம்."

பக்கத்தில் சந்தனமாரி நின்றிருந்தாள். பேராசிரியரின் ஆய்வு மாணவி. உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வேடு. ஒப்படைக்க இன்றுதான் கடைசி நாள். நூலகம் சான்று கொடுத்தால்தான் பல்கலைக்கழக அலுவலகத்தில் வாங்குவார்கள்.

இந்த அறையில் முன்பு அகராதிகள் இருந்தன. இப்போது கணினிகள் இருக்கின்றன. புத்தகம் தேடி இங்கே யாரும் வருவதில்லை. எழுதியது சொந்தச் சரக்குதானா என்று பார்க்க வருகிறார்கள். கதவில் 'ஒப்புமைச் சோதனை' என்று ஒட்டியிருக்கிறது. பிள்ளைகள் அதைத் திருட்டுச் சோதனை என்பார்கள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பென்டிரைவும் கையுமாக ஒரு வரிசை. எல்லோரும் உள்ளேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கேருந்து எடுத்திருக்காங்கன்னு இது காட்டிரும் சார்."

தங்கபுஷ்பம் சிவப்பின் மேல் சுட்டியை வைத்து அழுத்தினார். வலப்பக்கம் ஒரு கட்டுரை விரிந்தது.

அதன் தலையில் பேராசிரியரின் பெயர்.



பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை குறைந்த வருடம். சந்தனமாரி இந்த இயலைத்தான் முதலில் எழுதினாள். திருத்தித் தரும்படி அவரிடம் கொடுத்தாள். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. அப்படியே துறை இதழுக்கு அனுப்பினார், தன் பெயரில்.

அந்த இதழை அச்சடித்தவர்கூடப் படித்திருக்க மாட்டார். அலமாரியில் தூங்கும், யார் போய் எழுப்பப் போகிறார்கள் என்றிருந்தார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். காகிதத்தில் இருந்தவரை அவருடையது நான்கு வருடம் தாங்கியது.

எழுப்பியவர் தங்கபுஷ்பம். போன கோடையில் தூசியில் இருமி இருமி, பழைய இதழ்களையெல்லாம் ஸ்கேன் செய்து, தேடக்கூடிய எழுத்தாக மாற்றி இணையத்தில் ஏற்றினார். பாராட்டுக் கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது இவர்தான். நம் நூலகம் இனி உறங்காது என்று பேசவும் செய்தார். நல்ல கைதட்டல்.

தங்கபுஷ்பம் கட்டுரையைப் படித்துக்கொண்டே போனார். உதடு மட்டும் அசைந்தது. ஓரிடத்தில் நின்றது.

பிறகு வாய்விட்டு வாசித்தார்.

"எங்கள் வீட்டில் உப்பு விலைக்கு வாங்கியதில்லை. அளத்திலிருந்து வரும்போது அம்மா முந்தியில் முடிந்து கொண்டுவருவாள். முடிச்சு விழும் இடத்தில் சேலை சீக்கிரம் கிழியும்."

அந்த இடத்தையாவது மாற்றியிருக்கலாம், மறந்துவிட்டார்.

மறக்கவில்லை. அவ்வளவு நல்ல வரிகளைத் தொட மனம் வரவில்லை.

"சாரோட அம்மா அளத்துல வேலை பாத்தவங்களா?" தங்கபுஷ்பத்தின் குரல் இறங்கியிருந்தது. "இத்தன வருசமாப் பழகுதோம். ஒரு நாளும் சொன்னதில்லையே சார்."

அவருடைய அம்மா தலைமையாசிரியை. அவர்கள் வீட்டு உப்பு மளிகைச் சாமானோடு வந்து இறங்கும்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூக்குக்கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார்.

தங்கபுஷ்பம் தன் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். அம்மாவை நினைத்துக் கலங்குகிறார் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் வெட்கமில்லாமல் வாங்கிக் குடித்தார்.

சந்தனமாரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடப்பக்கம் அவள் அம்மா. வலப்பக்கமும் அவள் அம்மாதான்.

அவள் இவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏம்மா," என்றார் தங்கபுஷ்பம். நிஜமான கோபம். "அடுத்தவங்க அம்மாவையா எடுத்து எழுதுவ? அதுவும் உனக்குச் சொல்லிக்குடுக்கிற மனுசனோட அம்மாவ? இத வச்சுக்கிட்டு நான் சான்று குடுக்க முடியாது. என்ன செய்யணும்னு சாரே சொல்லட்டும்."

ஆய்வு நெறி வகுப்பு எடுப்பது அவர்தான். ஒரு வரி எடுத்தாலும் திருட்டு திருட்டுதான் என்று ஆண்டுதோறும் சொல்லுவார்.

"மேடம், அது வந்து..." என்று இழுத்தார்.

அடுத்த மாதம் அவர் துறைத்தலைவர். கண்ணாடிக்கு வெளியே அத்தனை முகங்கள்.

சந்தனமாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாய்மொழித் தேர்வுக்கும் பட்டத்துக்கும் அவர் கையெழுத்து வேண்டும்.

"தப்புதான் மேடம். மேற்கோளாப் போட்டிருக்கணும். இப்பப் போட்டுருதேன்."

அவள் குரலில் ஒன்றும் இல்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

தன் ஆய்வேட்டைத் திறந்தாள். முதலில் அம்மாவின் வரிகளுக்கு வந்தாள். முன்னால் ஒரு மேற்கோள்குறி. பின்னால் ஒன்று. கீழே அடிக்குறிப்பில் அவர் பெயரைத் தட்டினாள். பேராசிரியர், முனைவர், முன்னெழுத்து, எதையும் விடவில்லை. இதழின் பெயர், ஆண்டு.

கை நின்றது. இணையத்தில் ஏற்றிய பிரதியில் பக்க எண் விழவில்லை.

இப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள். நேராக.

"எத்தனாவது பக்கம் சார்?"

அவருக்குத் தெரியும். இதழ் வந்த புதிதில் அந்தப் பக்கத்தைப் பலமுறை விரித்துப் படித்திருக்கிறார்.

அவள் காத்திருந்தாள். தங்கபுஷ்பமும் காத்திருந்தார்.

பக்க எண்ணைச் சொன்னார்.